கூடை போடாத ஸ்டெல்லா

போன மாதம் கோவைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து ஒரு போன் வந்தது. பேசியவள் ஐதராபாத்தில் என்னோடு சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பெண். இப்போது அங்கே உடற்கல்வி இயக்குநர். நலம் விசாரிப்பை ஒரே மூச்சில் முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள். அவளுடைய கூடைப்பந்து அணியில் பாயிண்ட் கார்டாக ஆடும் பெண் கூடைக்கு எறிவதே இல்லையாம். மற்றபடி தங்கமாம். பிள்ளைகள் எல்லாரும் செல்போனில் அமெரிக்க ஆட்டங்களைப் பார்த்துவிட்டு மைதானத்தின் பாதியிலிருந்தே எறிகிற காலத்தில் இப்படி ஒருத்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று புலம்பினாள். "வெச்சுக்கவா மேடம், தூக்கிறவா?" என்று கேட்டாள்.

வைத்துக்கொள் என்றேன். ஏன் என்றாள். அது பெரிய கதை, போனில் சொன்னால் காது சுட்டுவிடும், எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன வேலை? ஸ்டெல்லா என்ற ஒரு பெண்ணைப் பற்றி இரண்டு பக்கம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அவள் தனியாக வராமல் ஹமீத் சாரையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

கூடைப்பந்து தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு விளக்கம். அணிக்கு ஐந்து பேர். அதில் பாயிண்ட் கார்டு என்பவள் பந்தைத் தட்டிக்கொண்டு எதிராளியின் பக்கம் போய், யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவு செய்கிறவள். பந்தியில் பரிமாறுகிறவர் மாதிரி. ஆனால் இவளே எறிந்துவிடுவாளோ என்ற பயம் எதிராளிக்கு இருக்க வேண்டும். அந்தப் பயத்தில்தான் அவளைக் காவல் காக்க ஓர் ஆள் அவள் முன்னால் வந்து நிற்கும். இவள் எறியவே மாட்டாள் என்று தெரிந்துவிட்டால், அந்த ஆள் நிம்மதியாக, கூடை தொங்குகிற ரிங்குக்கு அடியில் போய் நின்றுகொள்ளும். அதற்குப் பிறகு நம் நான்கு பேரை அவர்கள் ஐந்து பேர் காப்பார்கள். ஆட்டம் அங்கேயே பாதி போய்விடும்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாளையங்கோட்டையில் பிறந்தேன். உடற்கல்விப் படிப்பில் விசில் ஊதவும் சுண்ணாம்புக் கோடு நேராகப் போடவும் கற்றுக்கொண்டேன். வெயிலில் கறுப்பதைத் தனியாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. கல்யாணமாகி, மத்திய அரசின் பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் வேலை பார்த்த வீட்டுக்காரரோடு ஐதராபாத் வந்து சேர்ந்தேன். இரண்டு மூன்று பள்ளிகளில் டிரில் டீச்சராக இருந்த பிறகு, ஊருக்கு வெளியே பாறைகளுக்கு நடுவில் இருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் துணை உடற்கல்வி இயக்குநர் வேலை கிடைத்தது.

அது சாஃப்ட்வேர் பித்து தலைக்கேறியிருந்த காலம். எங்கள் நிர்வாகத்தைப் பொறுத்தவரை விளையாட்டு என்பது கல்லூரி விளம்பரப் புத்தகத்தில் போடுவதற்கு ஒரு கலர் போட்டோ. மூன்றாம் ஆண்டுக்கு மேல் ஒரு பிள்ளை மைதானம் பக்கம் வந்தால் வேலைவாய்ப்பு அதிகாரி ஏதோ கெட்ட சகவாசத்தைப் பார்த்த மாதிரி பார்ப்பார். சாயங்காலமானால் பாதிப் பேர் அமீர்பேட்டில் ஜாவா வகுப்புக்கு ஓடுவார்கள். எங்கள் கூடைப்பந்து மைதானம் கல்லூரி பஸ்கள் நிற்கும் இடத்தை ஒட்டி இருந்தது. மஞ்சள் பஸ்கள் வரிசையாக நிற்க, டிரைவர்கள் படியில் உட்கார்ந்து எங்கள் பயிற்சியைப் பார்த்து அபிப்பிராயம் சொல்வார்கள். எனக்கு அவர்கள்தான் முதல் விமர்சகர்கள்.

என் மேலதிகாரி ஹமீத் சார். நெட்டை மனிதர், ஒரு காலத்தில் பெரிய ஆட்டக்காரர், தூரத்திலிருந்து எறிவதில் பேர் வாங்கியவர். நான் போய்ச் சேர்ந்தபோது அவருடைய வலது முட்டி ஓய்வு பெற்றுவிட்டிருந்தது, அவர் மட்டும் பெறவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் கைக்குட்டையை விரித்துத்தான் உட்காருவார். சத்தம் போட்டு நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். அவர் சொல்வது காதில் விழவில்லை என்றால் யாரோ தொலைந்தார்கள் என்று அர்த்தம். பேசுவது ஊர் உருது. 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்', 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ'. அவர் பேச்சைத் தமிழில் எழுதினால் பாதி ருசி போய்விடுகிறது, இருந்தாலும் வேறு வழியில்லை.

புதிதாக ஓர் ஆட்டமுறையைச் சொல்லித்தர வேண்டுமென்றால் அவர் பலகையில் படம் போட மாட்டார். கேன்டீனிலிருந்து ஐந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை வரவழைத்து, எதிரணியின் ஐவராக மைதானத்தில் நிறுத்துவார். ஒவ்வொரு நாற்காலியையும் அரை அடி இப்படி, கால் அடி அப்படி என்று காலாலேயே நகர்த்துவார். பிறகு எங்கள் பிள்ளைகள் அந்த நாற்காலிகளுக்கு எதிராக நடக்க வேண்டும். ஓடக்கூடாது, நடக்க வேண்டும். நடக்கத் தெரியாதவள் ஓடினால் எங்கே போவாள் என்பார். நாற்காலியில் மோதினால் அந்த நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள், அவர் சிரிக்க மாட்டார்.

அவருடைய இன்னொரு சட்டம்தான் ஸ்டெல்லாவை ஊரறியச் செய்தது. பயிற்சி முடிந்ததும் ஒவ்வொருத்தியும் ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்று அடுத்தடுத்து இரண்டு கூடை போட வேண்டும். ஃப்ரீ த்ரோ என்பது எதிராளி தப்பாட்டம் ஆடினால் நமக்குக் கிடைக்கும் எறிதல். எதிரில் யாரும் மறிக்க மாட்டார்கள், ரிங்கும் நாமும் மட்டும்தான். கடைசி ஆள் போட்டு முடிக்கிற வரை ஒருத்தியும் மைதானத்தை விட்டுப் போகக்கூடாது. நல்ல சட்டம்தான். ஸ்டெல்லா அணிக்கு வரும்வரை எல்லாரும் பஸ்ஸைப் பிடித்தார்கள்.

ஸ்டெல்லா லாலாகுடா ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். தாத்தா காலத்திலேயே வேலூர்ப் பக்கமிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பம். அவள் தமிழில் உருதும் தெலுங்கும் தாராளமாக வந்து போகும். குட்டையாக, ஒல்லியாக இருப்பாள். பந்து அவள் கைக்கு வந்ததும் ஆடுகளத்தில் இருக்கும் அத்தனை பேரும் எங்கே இருக்கிறார்கள் என்று தலையைத் திருப்பாமலே அவளுக்குத் தெரியும். நீங்கள் காலியாக இருக்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரிவதற்கு முன்னால் பந்து உங்கள் கையில் இருக்கும். முதல் வாரத்தில் இரண்டு பேருக்கு மூக்கில் அடிபட்டது. அப்புறம் எல்லாரும் கையை உயர்த்தியே ஓடப் பழகிக்கொண்டார்கள்.

ஆனால் ஃப்ரீ த்ரோ கோட்டில் நிறுத்தினால் அவள் வேறு ஆள். பந்தை நெஞ்சிலிருந்து இரண்டு கையாலும் தள்ளுவாள். அது போர்டில் 'டம்' என்று மோதி, ரிங்கை எட்டிக்கூடப் பார்க்காமல், நேராக அடியில் நிற்பவளின் கைக்கு வரும். மறுபடி டம். மறுபடி டம். பஸ் ஹார்ன் அடிக்கும். ஜாவா வகுப்புக்குப் போகிற பையன்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் திட்டுவார்கள். திட்டிப் பலனில்லை என்று தெரிந்ததும் இறங்கி வந்து கோட்டுக்கு வெளியே நின்று உற்சாகப்படுத்த ஆரம்பித்தார்கள். தப்பித் தவறி இரண்டு விழுந்துவிட்டால் கல்லூரியே ஜெயித்த மாதிரி கத்திக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவார்கள். ஸ்டெல்லாவின் ஃப்ரீ த்ரோவுக்கு வந்த கூட்டம் எங்கள் ஆட்டங்களுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

ஆட்டத்தில் அவள் எறியவே மாட்டாள். ரிங்குக்கு அடியில் தனியாக நின்றாலும் யாரையாவது தேடிக் கொடுப்பாள். ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஏட்டி, தூக்கிப் போட்டா என்னட்டி கொறஞ்சா போயிருவ?" என்று கேட்டேன். என் திருநெல்வேலிப் பேச்சைக் கேட்டாலே அவளுக்குச் சிரிப்பு வரும். சிரித்துவிட்டு, எங்க கிரவுண்டை வந்து பாருங்க மேடம் என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். குடியிருப்புக்கு நடுவில் சிமெண்டுத் தரை, இரண்டு பக்கமும் இரும்புக் கம்பம், கம்பத்தின் மேல் மரப் போர்டு. ரிங் மட்டும் இல்லை. இரண்டு பக்கமும் இல்லை. அவள் பிறப்பதற்கு முன்பே யாரோ பெரிய பையன்கள் தொங்கி விளையாடிக் கழற்றிவிட்டார்களாம். புது ரிங் வரும் வரும் என்று சொல்லிச் சொல்லி அந்தக் குடியிருப்பில் ஒரு தலைமுறைக் குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள். அதற்காக ஆடாமல் இருக்க முடியுமா? அவர்களே ஒரு விதி செய்துகொண்டார்கள். போர்டுக்கு அடியில் சுண்ணாம்பில் ஒரு வட்டம். நம் அணி ஆள் ஒருத்தி அந்த வட்டத்துக்குள் நின்று, எதிராளியின் கைகளைத் தாண்டி வரும் பந்தைத் தரையில் விடாமல் பிடித்துவிட்டால் ஒரு புள்ளி. ஸ்டெல்லா இரண்டாம் வகுப்பிலிருந்து அந்த ஆட்டம்தான் ஆடியிருக்கிறாள்.

"எங்களுக்குக் கூடைன்னா ஆளுதான் மேடம். ரிங்கு சும்மா நிக்குது, நகர்றது கூட இல்ல. அதுக்குக் குடுத்து இன்னா மஜா?" என்றாள்.

அவள் அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன். ஹமீத் சாரிடம் சொன்னபோது அவர், "நம்ம மைதானத்துல ரிங் இருக்கு மேடம்" என்றார். சொன்னது எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது.

இதெல்லாம் நடந்து, ஸ்டெல்லா இறுதி ஆண்டுக்கு வந்தபோது ஹாரிகா வந்து சேர்ந்தாள். கொண்டாப்பூரில் வீடு. அப்பா அமெரிக்காவில் பல ஆண்டுகள் சாஃப்ட்வேரில் இருந்துவிட்டுத் திரும்பியவர். அங்கே அவர்கள் வீட்டுக் கார் ஷெட்டின் மேலேயே ஒரு ரிங் இருந்ததாம். தினமும் பள்ளி விட்டு வந்து தனியாக எறிந்து எறிந்து வளர்ந்தவள். இருபதடி தள்ளி நின்று எறிந்தால் வலை மட்டும் சத்தம் போடும். என்னிடம் ஆங்கிலத்தில் பேசுவாள், ஸ்டெல்லாவிடம் தெலுங்கில். ஒருத்தி ரிங் மட்டும் இருந்த இடத்திலிருந்து, இன்னொருத்தி ரிங் மட்டும் இல்லாத இடத்திலிருந்து. இரண்டையும் சேர்த்து ஒரு பிள்ளையாகச் செய்திருந்தால் கடவுளுக்கு என்ன நஷ்டம் என்று நான் அலுத்துக்கொண்டேன்.

அந்த ஆண்டு பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கிடையிலான போட்டி. லீக் சுற்றின் முதல் ஆட்டத்தில் ஸ்டெல்லாதான் பாயிண்ட் கார்டு. எதிரணிப் பயிற்சியாளர் விவரமான ஆள். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஸ்டெல்லாவைக் காக்க வேண்டியவளை இழுத்து ரிங்குக்கு அடியில் நிறுத்திவிட்டார். நம் உயரமான பெண்களுக்குப் பந்து போகும் வழியெல்லாம் அடைபட்டது. ஹாரிகா பக்கம் இரண்டு பேர் போனார்கள். ஸ்டெல்லா பந்தை வைத்துக்கொண்டு நடுவில் தனியாக நின்றாள். அவளைச் சுற்றி ஒரு கல்யாணப் பந்தல் போடுகிற அளவுக்கு இடம் இருந்தது. பார்வையாளர்கள் சிரித்தார்கள். தோற்றோம்.

ஹமீத் சார் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். குனிந்து காதைக் கொடுத்தால்தான் கேட்கிற குரலில், "உங்க பாப்பா நல்ல பாப்பா மேடம். நாளையிலேருந்து உக்காரட்டும். ஹாரிகா பாயிண்ட்ல ஆடட்டும்" என்றார்.

ஸ்டெல்லா அழவில்லை. அணி பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு வளாக நேர்காணலில் ஒரு பெரிய கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. தேர்வு முடிந்ததும் சென்னையில் போய்ச் சேர வேண்டும். அணியில் என்னவாக இருந்தாய் என்று நேர்காணலில் கேட்டார்களாம், எல்லாருக்கும் கொடுக்கிற ஆளாக இருந்தேன் என்றாளாம், அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டதாம். அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இந்த டோர்னமெண்ட்தான் மேடம் எனக்கு. இதுக்கப்புறம் என் கையில யாரு பால் குடுப்பாங்க? உக்காந்தே முடிச்சுட்டுப் போறதுக்கு நக்கோ மேடம். ஆடி முடிக்கணும்."

இருபத்தோரு வயதுப் பெண்ணுக்கு ஒரு விஷயம் முடியப்போகிறது என்பது இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டுமா என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த இரண்டு ஆட்டங்களில் ஹாரிகா பாயிண்டில் ஆடினாள், ஸ்டெல்லா பெஞ்சில் உட்கார்ந்து எல்லாருக்கும் தண்ணீர் பாட்டிலை எறிந்துகொண்டிருந்தாள். ஒன்றுகூடக் கீழே விழவில்லை. இரண்டையும் ஜெயித்தோம், ஆனால் மூச்சு வாங்கித்தான் ஜெயித்தோம். இரண்டாவது ஆட்டம் முடிந்த மறுநாள் ஹாரிகா ஹமீத் சார் அறைக்குள் நேராக வந்தாள். நானும் அங்கே இருந்தேன். ஆங்கிலத்தில் அவள் சொன்னதன் சாரம் இது: "சார், பந்தைத் தட்டிக்கொண்டு வருவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளுகிறது. வந்து சேர்ந்த பிறகு எனக்குப் பந்து கொடுக்க யாருமில்லை, ஏனென்றால் கொடுக்க வேண்டியவளே நான்தான். நேற்று முழு ஆட்டத்தில் நல்லதாக நாலு தடவை எறிந்திருப்பேன். எனக்கு அந்தக் குட்டைப் பெண் வேண்டும்."

தன் இடத்தைத் தானே திருப்பிக் கொடுக்கிற பெண்ணை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதில் தியாகம் கியாகம் ஒன்றும் இல்லை. அவளுக்கு எறிய வேண்டும், அவ்வளவுதான். அதனால்தான் ஹமீத் சாருக்கும் அது உறைத்தது என்று நினைக்கிறேன். இருந்தாலும், ஸ்டெல்லாவை யாரும் காக்கவே மாட்டார்களே, அதற்கு என்ன செய்வது என்றார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் அதையேதான் யோசித்தேன். ஸ்டெல்லாவைக் காக்க வேண்டியவள் ரிங்குக்கு அடியில் நிற்கிறாள். சரி. அப்படியானால் ஸ்டெல்லா நிற்கிற இடத்தைச் சுற்றி எதிராளி யாருமே இல்லை. அந்தக் காலி இடம் ஸ்டெல்லாவுக்குப் பயன்படாது. ஹாரிகாவுக்குப் பயன்படுமே! ஹாரிகா ஓடி ஸ்டெல்லாவை உரசிக்கொண்டு போக வேண்டும். போகிற போக்கில் ஸ்டெல்லா பந்தை அவள் கையில் வைத்துவிட்டு, நகராமல் சுவர் மாதிரி நிற்க வேண்டும். ஹாரிகாவைத் துரத்தி வருகிறவள் அந்தச் சுவரில் மோதி நிற்பாள். சாதாரணமாக இந்த நேரத்தில் பாய்ந்து வந்து மறிக்க வேண்டியது ஸ்டெல்லாவின் காவல்காரி. அவள்தான் கீழே ரிங்கடியில் சும்மா நிற்கிறாளே.

சோற்றை அப்படியே மூடிவிட்டுப் போய்ச் சொன்னேன். ஹமீத் சார் 'ஹவ்'வும் சொல்லவில்லை, 'நக்கோ'வும் சொல்லவில்லை. நாற்காலிகளைக் கொண்டுவரச் சொன்னார். நான்கை நிறுத்தினார். ஐந்தாவதை, ஸ்டெல்லாவின் காவல்காரியை, ரிங்குக்கு அடியில் போட்டு, கைக்குட்டையை விரித்துத் தானே உட்கார்ந்தார். ம், நடங்கள் என்றார். ஸ்டெல்லா பந்தோடு நின்றாள். ஹாரிகா நடந்து வந்தாள், உரசினாள், பந்தை வாங்கினாள், திரும்பினாள். ஹமீத் சார் எழுந்து நொண்டிக்கொண்டே அவளை மறிக்கப் போனார். பாதி தூரம் போவதற்குள் வலைச் சத்தம் கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தார். இன்னொரு முறை என்றார். இந்த முறை முன்கூட்டியே பாதி எழுந்த நிலையில் உட்கார்ந்திருந்தார். அப்படியும் போய்ச் சேரவில்லை. நான்கைந்து முறை இப்படி ஓடிப் பார்த்தார். படியில் உட்கார்ந்திருந்த பஸ் டிரைவர்கள் கை தட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

"முட்டி நல்லா இருந்திருந்தாலும் வந்திருக்க முடியாது மேடம்" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. பிறகு ஸ்டெல்லாவிடம், அரையிறுதியில் நீ ஆடுகிறாய், ஆட்டம் கை விட்டுப்போனால் மறுபடி பெஞ்ச் என்றார். அவள் அந்தக் காலி நாற்காலியைக் கட்டிக்கொண்டாள்.

அரையிறுதியைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. எதிரணி அதே வித்தையைச் செய்தது, ஸ்டெல்லாவை அனாதையாக விட்டது. ஹாரிகா அன்று எறிந்த எறியில் வலை கிழியாததே ஆச்சரியம். எதிரணிப் பயிற்சியாளர் பதறி, ஸ்டெல்லாவின் காவல்காரியை மேலே வரச் சொன்னார். அவள் மேலே வந்ததும் ரிங்கடியில் இடம் காலியானது, நம் உயரமான பெண்களுக்குப் பந்து போக ஆரம்பித்தது. அவள் வந்தாலும் குடைச்சல், வராவிட்டாலும் குடைச்சல். ஹமீத் சார் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பைப் பார்த்தேன்.

இறுதி ஆட்டம்தான் கஷ்டமான கேஸ். எதிரில், லீக்கில் எங்களைத் தோற்கடித்த அதே அணி, அதே பயிற்சியாளர். கடைசிப் பகுதி வரை நாங்கள் முன்னால் இருந்தோம். அப்போது அவர் அடுத்த அஸ்திரத்தை எடுத்தார். பந்து ஸ்டெல்லா கையில் இருக்கும்போதெல்லாம் வேண்டுமென்றே அவள் கையில் தட்டச் சொன்னார். தட்டினால் ஃபவுல். ஃபவுல் கணக்கு ஏறிவிட்டால் தட்டுப்பட்டவளுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஸ்டெல்லாவுக்கு ஃப்ரீ த்ரோ கொடுப்பது எதிராளிக்கு நஷ்டமே இல்லை என்பதை அந்த மனிதர் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். எங்கள் பஸ் பையன்கள் யாராவது உளறியிருப்பார்கள்.

கோட்டில் நின்றாள். டம். மறுபடி டம். பந்தை எடுத்துக்கொண்டு ஓடி அவர்கள் இரண்டு புள்ளி எடுத்தார்கள். நாங்கள் மூன்று புள்ளி முன்னால் இருந்தது ஒன்றானது. மிச்சமிருந்தது இருபது நொடிக்கும் குறைவு. ஹமீத் சார் இடைவேளை கேட்டார்.

இந்த மாதிரி நேரத்தில் ஃப்ரீ த்ரோ போடத் தெரியாதவளை வெளியே எடுப்பதுதான் எங்கள் தொழிலில் வழக்கம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அவர் மாற்று ஆட்டக்காரியைப் பார்த்துக் கையைக் காட்டியும்விட்டார். வேண்டாம் சார், அவள் இல்லாவிட்டால் இவர்கள் நெருக்குகிற நெருக்கலில் பந்து நடுக்கோட்டையே தாண்டாது என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. பிள்ளைகள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கடைசியில் அவர் ஸ்டெல்லாவிடமே திரும்பினார். உன்னை அடிப்பார்கள், கோட்டில் நிற்க வைப்பார்கள், போடுவாயா என்று கேட்டார்.

"போட மாட்டேன் சார்" என்றாள். ஒளிவுமறைவே இல்லை.

"அப்புறம்?"

"பால் என் கையில இருந்தாத்தானே சார் அடிப்பாங்க? இருக்காது."

பந்து கையில் இல்லாதவளை வேண்டுமென்றே அடித்தால் தண்டனை பெரிது, ஃப்ரீ த்ரோவோடு பந்தும் நமக்கே வந்துவிடும். அதனால் பந்து அவளிடம் இருக்கும் நேரத்தில்தான் அவர்கள் அடித்தாக வேண்டும். ஹமீத் சார் மாற்று ஆட்டக்காரியை உட்காரும்படி கையை அசைத்தார்.

பந்து உள்ளே வந்தது. ஸ்டெல்லா வாங்கினாள், ஒருத்தி தட்ட வந்தாள், அதற்குள் பந்து ஹாரிகாவிடம் போயிருந்தது. ஸ்டெல்லா ஓடிப்போய் மறுபடி வாங்கினாள், வாங்கின கையோடு வேறொருத்திக்குப் போய்விட்டது. அவளை அடிக்க ஓடிய பெண்கள் ஒவ்வொரு முறையும் வந்து சேர்ந்தபோது அவள் வெறும் கையோடு நின்றாள். பொறுமையிழந்து மூன்று பேர் ஹாரிகாவைச் சுற்றி வளைத்தார்கள். அதற்குள் ஸ்டெல்லா ரிங்குக்கு அடியில் போய்விட்டாள். மூன்று பேருக்கு நடுவிலிருந்து ஹாரிகா எப்படியோ தலைக்கு மேலே பந்தை வீசினாள். ஸ்டெல்லா பிடித்தாள்.

அவளைச் சுற்றி ஒரு ஈ காக்கை இல்லை. தலைக்கு நேர் மேலே ரிங். கையை நீட்டி வைத்தால் விழுந்துவிடும். எங்கள் பெஞ்ச் முழுக்க எழுந்து 'வெய், வெய்' என்று தெலுங்கில் கத்தியது. நான் தமிழில் கத்தினேன். பல ஆண்டுகளில் முதல் முறையாக ஹமீத் சார் குரல் என் காதைப் பிளந்தது. போடு என்று அவரும் கத்தினார்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ரிங்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பந்தைத் தட்டியபடி யாருமில்லாத மூலைக்கு ஓடினாள். எதிரணியின் ஐந்து பேரும் அவளை அடிக்கத் துரத்திக்கொண்டு வந்தார்கள். முதல் கை அவள் தோளில் படுவதற்கும் ஆட்ட நேரம் முடிந்த ஹார்ன் ஒலிப்பதற்கும் சரியாக இருந்தது. நடுவர் கைகளை விரித்து ஆட்டம் முடிந்தது என்று காட்டினார்.

கூச்சலெல்லாம் கொஞ்சம் அடங்கிய பிறகு ஹமீத் சார் நொண்டிக்கொண்டே அந்த மூலைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"ரிங் காலியா இருந்துச்சே பேட்டா, ஏன் போடல?"

"காய்கு சார், எதுக்கு?" என்றாள் அவள், நிஜமாகவே புரியாமல். "நாமதானே முன்னாடி இருந்தோம்."

அவர் என் பக்கம் திரும்பி, "நானா இருந்தா போட்டிருப்பேன் மேடம். அவசரத்துல தவறியும் விட்டிருப்பேன்" என்றார். அதை மெதுவான குரலில்தான் சொன்னார், ஆனால் அது கோபமில்லை.

நடுவர் வந்து பந்தைக் கேட்டார். அது போட்டி நடத்துகிறவர்களின் பந்து, எண்ணி எடுத்து வைக்க வேண்டுமாம். ஸ்டெல்லா காது கேட்காத மாதிரி நின்றாள். அவர் கையை நீட்டி இன்னொரு முறை கேட்டார். நான்கு வருஷமாக யார் கை நீட்டினாலும் கண் இமைப்பதற்குள் பந்தைக் கொடுத்தவள், இரண்டு கையாலும் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அப்போதுதான் அவள் கண்ணில் தண்ணீரைப் பார்த்தேன். ஹமீத் சார் நடுவரின் தோளில் கை போட்டு, டீ குடித்துவிட்டு வரலாம் என்று அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.